சுருக்குப் போட மறுத்த பூஞ்சணம்

மகனுக்கு ஸலாம். சுகமா என்று கேட்கமாட்டேன். சுகமாக இருக்கிறாய் என்று உம்மாவுக்கு நீ எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. அவளுக்கு எழுத்துத் தெரியாது, வருகிற கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படி எழுதியிருக்கிறாய். உம்மாவுக்கு ஸலாம், ராத்தாவுக்கு ஸலாம், ராத்தாவின் பிள்ளைகளுக்கு முத்தம், பூனை குட்டி போட்டுவிட்டதா என்று ஒரு விசாரிப்பு. பூனைக்கு இருக்கிற இடம் எனக்கு இல்லை. சரி என்று, வாசித்துக்கொண்டு வரும்போது "வாப்பாவுக்கும் என் ஸலாத்தைச் சொல்லுங்கள்" என்று நானாகவே ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன். உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று கடிதத்துக்கும் இதே கூத்துத்தான். அறுபதைத் தொடப்போகிற மனுசனை நோன்பு மாதத்தில் பொய் சொல்ல வைத்துவிட்டாய். அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் போகும், மாமாவின் கடையில் புடவை மடிக்கிற வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசி.

நடந்ததை முதலில் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை. அடுத்த வாரம் நோன்பு. நோன்புக்கு முன்னால் நமது மடவளையில் எந்த வீட்டிலும் பாய், பானை, அலுமாரி, கோழிக்கூடு ஒன்றையும் கழுவாமல் விடமாட்டார்கள். உம்மா வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள். நான் பேராதனைக்கு வந்து, நாம் இரண்டு பேரும் வேலை செய்கிற ஆராய்ச்சிக்கூடத்தை, அந்த லெப் முழுவதையும், தலைகீழாக்கினேன். இருபத்தொரு வருசமாக ஒவ்வொரு நோன்புக்கும் அதைச் செய்கிறேன், ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, சொல்லப்போனால் துரையே மெச்சியிருக்கிறார். உன் மேசைக்குப் பின்னால் இருக்கிற தேக்கு அலுமாரியின் கீழ்த்தட்டில் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள். உள்ளே கடற்பாசிக் கூழ் காய்ந்து சுருங்கி, மேலே நரைத்த பூஞ்சணம் பிடித்து, ஓரத்தில் மண் வேறு. பார்த்த எனக்கு உடம்பு கூசியது. பூஞ்சணம் பிடித்த தட்டென்றால் பழுதாய்ப்போன தட்டு, பழுதாய்ப்போனதென்றால் அவித்துக் கொட்டிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும், இதுதானே நான் கற்ற ஒரே வித்தை. பன்னிரண்டையும் நீராவிப் பானையில் போட்டு அவித்தேன். பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் கவிழ்த்து வைத்தபோது முகம் பார்க்கலாம் போல மின்னியது. என்னை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில் துரையையும் கூட்டிக்கொண்டு வந்து நீ அலுமாரியைத் திறந்தாய். மிச்சம் உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நீ கத்தினாய், அதற்கு நான் கோபிக்கவில்லை. பன்னிரண்டு தட்டு அவிந்துபோனால் நானும் கத்துவேன். "நானா! ஆரு உங்களைத் தொடச் சொன்ன? உங்களுக்குக் கழுவ மட்டுந்தான் தெரியும்!" என்றாய். உன் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அப்போதும் வாயில் வந்தது நானாதான். லெப்பில் எல்லாரும் அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிடுகிற அதே நானா. இவ்வளவு கோபத்திலாவது வாய் தவறி வாப்பா என்று வரும் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. துரை தன் பாசையில் ஏதோ சொன்னார். இந்தக் கிழவனுக்கு அறிவென்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டார் என்பதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு இங்கிலீசு தெரியும். நீ என்னைப் பார்த்தாய், துரையைப் பார்த்தாய், தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்று பின்னேரமே கொழும்பு ரயில். நோன்பு முழுவதும் போயிற்று, பெருநாளும் போயிற்று, நீ வரவில்லை. பெருநாள் அன்று உம்மா கடற்பாசி காய்ச்சி உனக்கென்று ஒரு பீங்கானில் ஊற்றி வைத்தாள். மூன்றாம் நாள் அதில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதைக் கழுவ எனக்குக் கை வரவில்லை.

அந்த நானாவை உன் வாயில் வைத்தது யார் என்று கேள். நான்தான். நீ லெப்பில் சேர்ந்த முதல் நாள், மடவளையில் பஸ் ஏறுவதற்கு முன், உன் சட்டைக் கொலரைச் சரி செய்துகொண்டே சொன்னேன். "மகன், அங்க வந்து என்னய வாப்பாண்டு கூப்பிட வாணாம். போத்தல் கழுவுறவன்ட மகன்டு தெரிஞ்சா ஒன்னய மேசையில இருத்த மாட்டாங்க. நானாண்டு கூப்பிடு, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுற." நீ தலையாட்டினாய். அன்று தொட்டு மூன்று வருசம், மடவளையில் இருந்து ஒரே பஸ்ஸில் வருவோம், கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுகிறவரை பக்கத்தில் பக்கத்தில் இருப்போம், பேராதனையில் இறங்கியதும் நான் முன்னால் நடப்பேன், நீ வெற்றிலைக் கடையில் நின்று நூறு எண்ணிவிட்டுப் பின்னால் வருவாய். பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். நீ போன பிறகு தலைமை அசிஸ்டன்ட், அதுதான் நமது யாழ்ப்பாணத்து ஐயா, என்னிடம் சொன்னார்: "நானா, உங்கட ரெண்டு பேற்ற நாடகத்தையும் மூண்டு வருசமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். மூக்கும் நாடியும் அச்சாப் பொருந்துது, ஆரை ஏமாத்துறியள்?" துரை ஒருவருக்குத்தான் தெரியாதாம். நாம் நடித்ததும் அந்த ஒருவருக்காகத்தானே.

என் மேல் மட்டும் பிழை போட்டுக்கொண்டு போகமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டத் தெரியாதா உனக்கு? தொடாதே என்று ஒரு சொல் எழுதத் தெரியாதா? இங்கிலீசில் சோதனை பாஸ் பண்ணியவனுக்கு ஒரு லேபல் எழுதக் கை வலித்ததா? யாழ்ப்பாணத்து ஐயா சொல்லித்தான் அந்தத் தட்டுகளில் என்ன இருந்தது என்றே எனக்குத் தெரிந்தது. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரிப் புழுக்கள் இருக்கின்றனவாம், தேயிலை வேரில் முடிச்சு விழ வைப்பதும் அந்தச் சாதிப் புழுதானாம், அந்தப் புழுவைச் சுருக்குப் போட்டுப் பிடித்துத் தின்கிற பூஞ்சணக் குடும்பம் ஒன்று இருக்கிறதாம், அதில் ஒன்றை என் மகன் தானாகவே கண்டுபிடித்து நாலு மாதமாக வளர்த்திருக்கிறானாம். அதைக் கண்ணுக்கு நேரே காட்டினால், அனுப்பப்போகிற கட்டுரையில் தன் பெயருக்குக் கீழே உன் பெயரையும் போடுவதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தாராம். இவ்வளவும் நடந்திருக்கிறது, பக்கத்து அறையில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று உன் மேல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு உம்மா ஞாபகப்படுத்தினாள். நீ சொல்லத் தொடங்கியிருக்கிறாய். சோறு தின்றுகொண்டிருந்தோம். "வாப்பா, புழு புடிக்கிற பூஞ்சணம் ஒண்டு ஈக்குது..." என்று வாயெடுத்தாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சோத்துக்கு முன்னால புழுக் கதையா? கையக் கழுவிட்டா இருந்த?" நீ கையைக் காட்டினாய். கழுவித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. இது முதல் தடவையும் இல்லை. எட்டு வயதில் ஜேம் போத்தலில் நுளம்புக் குடம்பி வளர்த்தாயே, வால் அடித்து வால் அடித்து மேலே வந்து மூச்சு விடுகிறது பாருங்க என்று என்னைக் கூப்பிட்டாயே. பார்த்தேனா? மண்ணெண்ணெயை ஊற்றினேன். நுளம்பு கடித்தால் காய்ச்சல் என்பது சரி, ஆனால் நீ அன்று முழுவதும் அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் இருந்தது இப்போதுதான் எனக்கு வந்து வந்து போகிறது. உனக்கும் பிள்ளை பிறக்கும். அது எதையாவது கொண்டுவந்து காட்டினால், எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், முதலில் பார். கழுவுவதைப் பிறகு கழுவலாம்.

சரி, நான் அவித்ததை நானே எழுப்பிக் காட்டுவது என்று ரோசம் வந்தது. கடற்பாசி காய்ச்சுவது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உம்மா சீனியும் பாலும் போட்டுக் காய்ச்சுகிறாள், நான் சோளமா கொஞ்சம் போட்டுக் காய்ச்சுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். மண் எங்கே எடுத்தாய் என்பதுதான் தெரியவில்லை. உம்மாவைக் கேட்டேன். "நம்மட கிணத்தடியிலதான். குளிக்கிற தண்ணி பாயிற எடத்துல, கொக்கோக் கோதெல்லாம் உக்கிப் பெய்த்து ஈக்கிதே, அதுல. ஒங்களுக்குத் தெரிஞ்சா ஏசுவீங்கண்டு ஒளிச்சுத்தான் எடுத்த" என்றாள். என் வீட்டு மண். நான் நாளுக்கு இரண்டு தடவை கால் கழுவுகிற இடம். ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் தூவினேன். நோன்பு வாயோடு, பகலில் வேலை ஒழிந்த நேரங்களில், யாழ்ப்பாணத்து ஐயாவின் நுணுக்குக்காட்டியைக் கெஞ்சி வாங்கிக் குனிந்து குனிந்து பார்த்தேன். முதலில் புழு வந்தது. அப்பா, என்ன நெளிசல்! பத்துப் பதினைந்து நாளில் அதற்குள்ளே மெல்லிய நூல் ஓடியது, நூலில் அங்கங்கே குட்டி வளையம். இதுதான் என்றார் ஐயா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

புரியாமல் நான் செய்த வேலையைக் கேள். இவ்வளவு அருமையான சாமானைப் புழுவுக்கும் மண்ணுக்கும் நடுவில் விடலாமா? ஊசியைச் சுட்டு, அந்த நூலில் ஒரு நுனியை மட்டும் தொட்டெடுத்து, புதிதாக அவித்த சுத்தமான தட்டில் வைத்தேன். ஒரு புழு இல்லை, ஒரு மண்துணிக்கை இல்லை. வெள்ளை வெளேரென்று, பெருநாள் சட்டை மாதிரி வளர்ந்தது. ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "நானா, நான் ஒண்டும் காணேல்லை. வெறும் பூஞ்சணந்தான் கிடக்குது. சுருக்கு எங்கை?" என்றார். இல்லை. ஒரு வளையம் கூட இல்லை. இன்னும் சுத்தமாகச் செய்யவேண்டும் போல என்று அடுத்த தட்டை இரண்டு மணித்தியாலம் அவித்தேன். இல்லை. தண்ணீரை மூன்று தடவை வடித்தேன். இல்லை. ஏழு தட்டு, மகன், ஏழு! சுத்தம் கூடக் கூட அது கொழுத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தது. பழைய மண் தட்டிலும் புழுவெல்லாம் தீர்ந்து வளையம் போடுவது நின்றுவிட்டது. இதற்கிடையில் துரை சீமைக்கு லீவில் போகிறார் என்று கதை வந்தது. போனால் எப்போது வருவாரோ, வருவாரோ மாட்டாரோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் எட்டாவது தட்டைச் சுவரில் அடித்திருப்பேன். இருபத்தொரு வருசத்தில் ஒரு கண்ணாடியும் உடைக்காத கை என்பதால் மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று நோன்பு திறக்கப் பாயில் இருக்கும்போது உம்மா கேட்டாள், என்ன முகம் இப்படிக் கிடக்கிறது என்று. சொன்னேன். சோத்துக்கு முன்னால் புழுக் கதையை நானே சொன்னேன், பார். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "புழு இல்லாத எடத்துல அது ஆருக்குண்டு சுருக்குப் போடும்? விருந்தாளி வராத ஊட்டுல ஆராவது அடுப்பு மூட்டுறாங்களா?" மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன், பேரீச்சம்பழத்தைப் போட்டு மூடிக்கொண்டேன். அடுத்த நாள் கிணற்றடி மண்ணைத் துணியில் கட்டித் தண்ணீரில் ஊறவைத்தேன், அடியில் இறங்கிய புழுத் தண்ணீரில் ஒரு சொட்டை அந்த வெள்ளைத் தட்டில் விட்டேன். இருபத்தொரு வருசம் எதை எதிர்த்துச் சண்டை பிடித்தேனோ அதையே என் கையால் விட்டேன். கை கூசத்தான் செய்தது.

மறுநாள் முற்பகல் பார்த்தபோது வளையம் வளையமாகப் போட்டு வைத்திருந்தது. ஒரு புழு துழாவித் துழாவி வந்தது. ஒரு வளையத்துக்குள் தலையை விட்டது. கண் இமைக்கவில்லை நான், சத்தியமாக. அதற்குள் வளையத்தைக் கட்டியிருக்கிற மூன்று துண்டுகளும் பொம்மென்று வீங்கி அதன் கழுத்தை நெரித்துவிட்டன. புழு அடித்துக்கொண்டது, அடித்துக்கொண்டது, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது. நான் "யா அல்லாஹ்" என்று கத்தியதில் ஐயா மைக்கூட்டைத் தட்டிவிட்டார். உன்னைத் தேடினேன், மகன். திரும்பி உன் மேசையைப் பார்த்தேன். இதைத்தான் நீ நாலு மாதம் தனியாகப் பார்த்திருக்கிறாய், வாருங்கள் பாருங்கள் என்று சொல்ல ஆளில்லாமல். உபதேசம் பண்ணுகிறேன் என்று நினைக்காதே, எனக்கு அழுகை வந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

நான் துரையிடம் போகவில்லை. பெருநாள் கழித்து ஐயாதான் போய்ச் சொல்லிவிட்டார். நேற்று, துரை நான் கழுவுகிற இடத்துக்கே வந்தார், இருபத்தொரு வருசத்தில் முதல் தடவை. நுணுக்குக்காட்டியை என் கல்மேடையில் வைத்துக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் இதைச் செய்தது யார் என்று கேட்டார். தட்டு என் கையில் இருந்தது, காய்ச்சியதும் நான், புழு விட்டதும் நான். ஆனாலும் உன் பெயரைத்தான் சொன்னேன். அவன் போய்விட்டானே, அவனுக்கும் உனக்கும் என்ன என்று கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் நானே சொன்னேன், என் மகன் என்று. துரையின் முகம் சிவந்துவிட்டது. அன்றைக்குத் தான் சொன்ன சொல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கப்பல், அதற்கு முன் நீ வந்து உன் கையாலேயே செய்து காட்டி, கண்டதை எழுதியும் கொடுக்க வேண்டும், பெயர் போடுகிற வாக்கு வாக்குத்தான் என்று.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. மாமாவின் கடைக்கு இன்னொருவர் கிடைப்பார், இந்தத் தட்டுகளுக்கு நீதான் வரவேண்டும். தினமும் காலையில் ஒரு சொட்டுப் புழுத் தண்ணீர் விட்டு வைக்கிறேன், புதிதாக வளர்த்து வைத்த ஆறு தட்டிலும் உன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன், இங்கிலீசு எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே. ஒன்றையும் கழுவமாட்டேன். உம்மாவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் புறப்பட்டு வா, இனிமேலும் இல்லாத வரியை வாசிக்க என்னால் ஏலாது. பேராதனையில் இறங்கி வெற்றிலைக் கடையில் நிற்காமல் நேரே வா. துரையும் ஐயாவும் முன்னறையில் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று, நான் உனக்குச் சொல்லித் தந்ததை மறந்துவிட்டு, என்னைக் கூப்பிடு. நான் உள்ளே குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன், தண்ணீர்ச் சத்தத்தில் காது சரியாகக் கேட்காது. உரக்கக் கூப்பிடு.